உள்ளேன் ஐயா

மாரத்தஹள்ளி வெளிவட்டச் சாலையில்
பதினொரு மாடிக் கண்ணாடிப் பெட்டி.
அதன் வெளிச்சம் என் பொறுப்பு.
மேசைக்கு முந்நூறு லக்ஸ், நடைக்கு நூறு.
சன்னலோரம் வெயில் ஏற ஏற
விளக்குகள் தாமே தணிய வேண்டும்.
வெயிலா? ஜூலையில் இங்கே வெறும் மேகம்தான்.
அதற்கும் ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன்.

கூரையெங்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு சென்சார்கள்,
கோட்டுப் பொத்தான் அளவில்.
முகம் தெரியாது அவற்றுக்கு.
சூடு நகர்ந்தால் ஆள்.
நகராவிட்டால் ஆளில்லை.

முதல் வாரம் நானே மாட்டிக்கொண்டேன்.
நான்காம் மாடிக் கழிவறையில்
அம்மாவின் ஸ்கேன் முடிவைப் போனில் படித்தபடி
அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
பட்டென்று இருட்டு.
கையை உயர்த்தினேன், நான்காம் வகுப்பில் போல.
உள்ளேன் ஐயா.
வந்தது வெளிச்சம்.
ஸ்கேனில் இருந்தது மாறவில்லை.

"இருபது நிமிஷம் ஜாஸ்தி மேடம், அஞ்சாக்குங்க"
என்றார் சதானந்த ஷெட்டி.
கரண்ட் பில்லில் ஒன்பது சதவீதம் மிச்சமாகும்.
சரிபார்க்க இரவுப் பதிவுகளைத் திறந்தேன்.

ஏழாம் மாடி, பேன்ட்ரி.
1.52க்கு அணைந்திருக்கிறது.
2.31க்கு எரிந்து 2.51க்கு அணைந்து
3.20க்கு மறுபடி.
இடையில் கதவு திறக்கவே இல்லை.
மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும்.
ஞாயிறு மட்டும் விடிய விடிய இருட்டு.

கோளாறென்றுதான் நினைத்தேன்.
வெள்ளி இரவு ஏணியோடு போய்க்
கதவைத் திறந்ததும் எரிந்தது விளக்கு.

மைக்ரோவேவ் மேடைக்குக் கீழே
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
துப்புரவு ரத்னவ்வா.
முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு
"பேடா" என்றாள் தூக்கத்திலேயே,
என்னிடமா விளக்கிடமா தெரியவில்லை.
அவளுக்கு முதல் பஸ் ஐந்தே காலுக்கு.

அசையாமல் கிடந்தால் இருட்டு கிடைக்குமென்று
என் கையேட்டைப் படிக்காமலே
கண்டுபிடித்திருக்கிறாள்.
புரண்டால் போச்சு.

ஏணியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு
வெளியே வந்து நின்றேன்.
இருபது நிமிடம்.
கதவிடுக்கில் அந்த வெள்ளைக் கோடு
போகவே மாட்டேன் என்றது.
இவ்வளவு நீளமா இருபது நிமிடம்?

திங்கட்கிழமை ஷெட்டிக்கு அறிக்கை அனுப்பினேன்.
எல்லா மாடியும் ஐந்து நிமிடம், கழிவறைகள் நீங்கலாக.
ஏழாம் மாடி பேன்ட்ரி ஒரு நிமிடம்,
சென்சாரின் கூர்மை பாதி.
காரணம்: ஏசி காற்றில் திரைச்சீலை ஆடுகிறது.

அந்த அறைக்குச் சன்னலே கிடையாது.