எடைமேடை

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
என்னுடையது பறக்கவில்லை.

கொள்முதல் நிலையத்தில் இப்போது நெல் இல்லை.
தார்ப்பாய்கள் மடிந்து கிடக்கின்றன.
ஈரப்பதக் கருவி அதன் பெட்டிக்குள்.
குறுவை அறுக்க இன்னும் இரண்டு மாதம்.
பட்டியல் எழுத்தருக்குப் பட்டியல் இல்லாத நாட்கள்.
சாக்குக் கணக்குப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
நான்கு கைகள் கொண்ட ஒன்றை வரைந்தேன்.

கைகளுக்கு ஜன்னல் திரைக்கம்பி, அலுமினியம்,
கொரடாச்சேரி ஹார்டுவேர் கடையில் அறுத்து வாங்கியது.
வயிற்றுக்கு டிபன் டப்பா மூடி.
மோட்டார் நான்கும் கோவையிலிருந்து கூரியரில் வந்தன.
மேலே ‘விளையாட்டுப் பொருள்’ என்று ஒட்டியிருந்தது.
ஜெசிந்தா என்று கையெழுத்துப் போட்டேன்,
வயது நாற்பத்தொன்று.

முதல் பற்றவைப்பு ஆட்டுப் புழுக்கையாய் உருண்டு நின்றது,
தொட்டதும் கழன்றது.
எட்டாவதோ ஒன்பதாவதோதான்
ஈயம் ஒயரோடு இழைந்து
கெண்டைச் செதிலாய்ப் பளிச்சிட்டது.
வலது சுட்டுவிரலில் இன்னும் அதன் வடு.

மட்டமான இடத்தில் வை, அசைக்காதே
என்றது பறப்புப் பலகை.
மட்டத்துக்கா பஞ்சம் இந்த ஊரில்!
கண் எட்டும்வரை ஒரு மேடு கிடையாது.
தண்ணீரைக் கேட்டால் வேறு கதை சொல்லும்,
கிழக்கே சாய்வு என்று தெரிந்துதான் வெட்டாறு போகிறது.
நிலையத்தில் மட்டம் என்று நம்பத் தகுந்தது
எடைமேடை ஒன்றே.
குமிழி வட்டத்துக்குள் வரும்வரை
நான்கு கால்களையும் திருகினேன்.
ஏற்றி வைத்தேன்.
சிவப்பு எண்கள்: 1.14.

சுமைப்பணி பக்கிரிசாமி
தேநீர் டம்ளரோடு வந்து குந்தினார்.
விசையைத் தள்ளினேன். நான்கும் அலறின.
எண் ஏறியது.
1.30. 1.62.
“நம்ம மேடை ஏத்தித்தானே காட்டும், கிளார்க்கம்மா”
என்றார்.
அந்தச் சிரிப்பில் மூட்டைக்கு எவ்வளவு என்பது
இருவருக்கும் தெரியும். நான் சிரிக்கவில்லை.

கூத்தாநல்லூரில் செல்போன் பழுது பார்க்கும் நூருல்லா
கொட்டாவி விட்டபடி போனில் சொன்னான்:
“தலைகீழாச் சுத்துது அக்கா. மூணு ஒயர் இருக்குல்ல,
எந்த ரெண்டையாவது மாத்திப் போடுங்க.
எந்த ரெண்டுன்னு யோசிக்காதீங்க.”

யோசித்தேன். பழக்கம்.
ஒரு மோட்டாரை மாற்ற மறந்தேன்.
மூன்று கைகள் எழ, ஒன்று மண்டியிட,
கவிழ்ந்து தன் இறக்கையைத் தானே கடித்துத் துப்பியது.
சாக்குக் கட்டில் செருகியிருந்த துண்டைப்
பக்கிரிசாமி உருவிக் கொடுத்தார்,
வேறொன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு விடியலில் காற்று சற்றே ஓய்ந்தது.
மேடையிலிருந்து ஒரு சாண்,
சரியாக ஒரு சாண்,
எழுந்து நின்றது.
களத்துப் பதரெல்லாம் சுவரோரம் ஓடியது.
குனிந்து அடியில் பார்த்தேன்.
அந்தப் பக்கம் பக்கிரிசாமியின் முழங்கால்கள் தெரிந்தன.
நடுவில் ஒன்றுமில்லை.

கண் தானாக எண்ணுக்குப் போனது,
பதினாறு வருஷ வேலை.
1.13. 1.15. 1.14.
அந்தரத்தில் நிற்கிறது,
எடைமேடை ஒப்புக்கொள்ளவில்லை.
இறக்கைகள் கீழே தள்ளிய காற்று
பாரம் முழுவதையும் சுமந்து வந்து
தட்டில் இறக்கிக்கொண்டிருந்தது,
சிந்தாமல், குறைக்காமல்.

எண்ணையே வெகுநேரம் பார்த்தார் பக்கிரிசாமி.
“அப்ப மூட்டை காத்து தலையில”
என்றார், தன் பிடரியைத் தடவியபடி.

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
தெற்கிலிருந்து ஒரு வீச்சு வந்து
அதை மேடையை விட்டு ஓரம் கட்டியது.
0.00.
சுவர் தாண்டி, வாய்க்கால் தாண்டி,
ரிமோட்டில் என் கட்டைவிரல் எங்கே என்றே தெரியாமல்
ஓடினேன்.

யாருடையதோ சம்பா நாற்றங்காலில்
முழங்கால் சேற்றில் நின்று
இறக்கைகளை எண்ணினேன்.
மூன்று இருந்தன.