பதினேழுக்கு ஒன்று

பதினொன்று வரை நான் எண்ணினேன்.
அதற்குமேல் எண்ணியவர்
கம்பிவலைக்கு வெளியே நின்ற சைக்கார் ஓட்டி.
ஒவ்வொரு கோலுக்கும் வெற்றிலைச் சாற்றை
ஒருமுறை துப்பினார். கணக்கு பிசகவில்லை.

தாமுவே பக்கம்
மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பச்சைப் பாய்.
மழை விட்டும் புல்லுக்கடியில் தண்ணீர்.
கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள்.
நாலு மூலையில் நாலு விளக்கு,
பந்துக்கு நாலு நிழல்.
நான் பெரும்பாலும் நிழலைத்தான் பிடித்தேன்.

எழுதிக் கொடுத்த பெயர் ஏழு,
வந்த ஆள் ஐந்து.
இடது பக்கம் பறக்கிற தங்கவேலு
(அடையாள அட்டையில் தெய்ன் நாய்ங்)
பங்குனியில் மியாவடி வழியாக ஆற்றைத் தாண்டினான்.
அக்கரையில் கோழி உரிக்கும் ஆலை, இரவு ஷிப்ட்.
செபஸ்தியான் ஏன் வரவில்லையென்று
நைனார்கூடக் கேட்கவில்லை.
அவன் கேப்டன், கேட்டிருக்க வேண்டியவன்.
ஷூவின் நாடாவை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான்.

ஆள் கணக்குக்காக வந்தவர் சேதுராயர்.
ஏ.சி. மெக்கானிக், வயது நாற்பத்தாறு, தொந்தி தனி.
ஷார்ட்ஸ் மறந்துவிட்டதாம்.
லுங்கியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு
எங்கே நிற்கட்டும் என்றார்.
எங்கேயாவது நில்லுங்கள் என்றோம்.

அவர்கள் பேங்க் பையன்கள்.
ஒரே நிற ஜெர்சி, முதுகில் எண்,
விசில் ஊதவென்றே ஒரு ஆள்.
முதல் ஏழு எப்படிப் போனதென்று தெரியாது.
எட்டாவது என் கால் நடுவில்.
ஒன்பது, இருளப்பன் முழங்காலில் பட்டு.
பத்தாவதுக்கு மகிமைராஜ்
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
கேட்டால் மழை வருமா என்று பார்த்தானாம்.

பன்னிரண்டுக்குப் பிறகு மெதுவாக அடித்தார்கள்.
உருட்டிவிட்டார்கள்.
ஓங்கி அடித்ததெல்லாம் உள்ளங்கையில் எரிந்தது,
இது வேறெங்கோ எரிந்தது.
நைனார் நடுக்கோட்டுக்குப் போய்
பர்மியத்தில் கத்தினான்:
அடிக்கிறதானால் ஒழுங்கா அடிங்கடா!

ஒழுங்காக அடித்தார்கள். பதிமூன்று. பதினாலு.

அப்போதுதான் நான் உதைத்த பந்து,
ஆத்திரத்தில் உதைத்தது, யாருக்கும் இல்லை,
உயரப் போய் எதிர்க் கோல் பக்கம் இறங்கியது.
அங்கே சேதுராயர். ஓடி வந்ததில்லை,
முதலிலிருந்தே அங்கேதான் நின்றார்.
கோலுக்கு முதுகைக் காட்டி,
பிரம்புப் பந்தாட்டத்தில் தட்டுவார்களே,
வட்டமாக நின்று, யாரும் தோற்காமல்,
மாலை முழுக்க ஒரு பந்தைக் கீழே விடாமல்,
அதே மாதிரி
குதிகாலைப் பின்னால் மடக்கி ஒரு தட்டு.

பந்து அவர் தலைக்குமேல்,
அவர்கள் கோலியின் தலைக்குமேல்
எழுந்து, யோசித்து, விழுந்தது.

விசில்காரன் ஊத மறந்துவிட்டான்.
பேங்க் பையன்கள் கைதட்டினார்கள்.
சைக்கார் ஓட்டி வெற்றிலையை விழுங்கியிருப்பார்.
சேதுராயர் ஓடினார்,
அவிழ்ந்த லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
மைதானம் முழுக்க. நாங்களும் பின்னால்.
கோலில் யாருமில்லை என்பது
பதினைந்தாவது விழுந்தபிறகு தெரிந்தது.

தோற்றவர் வாடகை கட்ட வேண்டும்.
ஐந்தாகப் பிரித்தோம்.
ஒட்டுப்போட்ட ஆயிரம் ஒன்றை
கவுண்டர் பெண் விளக்கில் பிடித்துப் பார்த்து
திருப்பிக் கொடுத்தாள். என்னுடையது.
ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டும்,
டீ குடிக்கவில்லை.

பகலெல்லாம் பிறத்தியார் போனுக்குக்
கண்ணாடி மாற்றுகிற நான்
என் உடைந்த போனில், சிக்னல் பிடிக்க
பசுண்டாங் மாடிப்படியில் பாதியில் நிற்கிறேன்.
தங்கவேலு கேட்டிருக்கிறான்: என்னாச்சு?

சேதுராயர் ஒரு கோல் போட்டார், என்று அனுப்பினேன்.
ஒரு டிக். வெகுநேரம் ஒரு டிக்.
பிறகு இரண்டு.

அப்ப ஜெயிச்சாச்சா?

கையுறை இன்னும் ஈரம்,
ரப்பரும் சேறும் கலந்த வாடை.
பதினேழு என்று அடிக்க
இரண்டு எழுத்து போதும்.
அடித்தேன், அழித்தேன்.
வியாழக்கிழமை மறுபடி ஆட்டம் இருக்கிறது,
இடது பக்கம் காலி, என்று எழுதினேன்.