ஏழாம் சேனல்

புதுவயல் அங்கன்வாடியில்
எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது
அவித்த நெல் வாசம்.
எதிரே ரைஸ்மில்.
கருவிமேல் உமிச்சாம்பல் படியாமல்
துண்டு போட்டு மூடினேன்.

தொப்பிகள் இரண்டு, கறுப்பு.
ஒவ்வொன்றிலும் பதினாறு பொத்தான்கள்,
பாதி விளக்கு, பாதி கண்.
வெளிச்சம் மண்டைக்குள் நுழைந்து
வாழைப்பழம்போல் வளைந்து
மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெளியே வரும்,
வழியில் ரத்தம் எவ்வளவு சிவப்பு என்று
பார்த்துக்கொண்டு.
அம்மாக்களிடம் இப்படித்தான் சொன்னேன்.

"சூடு ஏறுமா?"
ஏறாது.
"புத்தி கூடுமா?"
கூடாது.
"அப்புறம் என்னத்துக்கு?" என்றாள்
மில்லில் தவிடு அள்ளும் பாக்கியலெட்சுமி,
கையெழுத்தைப் போட்டுக்கொண்டே.

அவள் மகள் மெல்லினாவுக்கு
அடர்ந்த முடி, எண்ணெய் வேறு.
பஞ்சுக் குச்சியால் விலக்கி விலக்கி
பொத்தானுக்கு ஒரு வகிடு எடுத்தேன்.
"பேன் பாக்குறீங்களாக்கா?"
"வெளிச்சம் போக வழி போடுறேன்."
"பேனும் அதுலதான் போகும்."

ஆய்வகத்தில் இருட்டறை, நாற்காலி,
திரையில் ஒரு வட்டம், அசையாதே.
இங்கே கடை வைத்தாயிற்று.
யாரோ வீடு கட்டி மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் சில்லுதான் பணம்.
பச்சைப் பூ இருந்தால் ஐந்து ரூபாய்,
வெறும் சிவப்பு சில்லறை.
மெல்லினா முதலாளி. தரணீஷ் வாடிக்கையாளர்.
இருவர் தலையிலும் தொப்பி.

நினைப்பு முன்னால் ஓடிவிடும்.
ரத்தம் ஐந்து நொடி கழித்து
மூச்சிரைக்க வந்து சேரும்.
கோடு மேலே ஏறும்போது
அவள் கடையைச் சாத்திவிட்டு
தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

சுகைலுக்குத் தொப்பி இல்லை.
படிவம் இன்னும் வீட்டில், அலமாரிமேல்.
சமையல்கட்டிலிருந்து வடிகூடையை எடுத்துக்
கவிழ்த்துக்கொண்டான். அதிலும் ஓட்டைகள்தானே.
கதவை முழுசாகத் திறந்து வந்து நின்று
"ஒரு கிலோ மழை குடுங்க" என்றான்.

"ஈரமா, காஞ்சதா?"

தரணீஷ் சிரித்து விழுந்தான்.
தொப்பி காதுக்கு இறங்கியது.
திறந்த கதவின் சித்திரை வெயில்
ஏழாம் சேனலில் புகுந்து
திரையின் உச்சியில் முட்டி நின்றது.
குறித்தேன்: 11.42. அசைவு. வெளியொளி. நீக்குக.

பன்னிரண்டுக்கு மில் சங்கு ஊதியது.
எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.
அன்றைய பதிவில் சுத்தமான நாலு நொடி அதுதான்.
யாரும் எதுவும் வாங்கவில்லை, விற்கவில்லை.

வயர்களைச் சுருட்டும்போது
வடிகூடை பக்கத்தில் வந்தது.
"எனக்கு என்ன வந்துச்சு? காட்டுங்க."
"உனக்கு வயரே இல்லையேடா."
"நான் நிறைய நினைச்சேன்."

ஏழாம் சேனலைத் திறந்து காட்டினேன்.
"இது நீ திறந்த கதவு."
"இவ்ளோ பெருசா?"
ரொம்ப நேரம் பார்த்தான்.
கூடைக்குள் கைவிட்டுத்
தன் முடியைத் தடவிக்கொண்டான்.

இரவு காரைக்குடி அறையில்
விதிப்படி அந்தச் சேனலை நீக்கினேன்.
மிச்சத்தில் ஒரு மேடு,
மழையை எடை போட்ட நேரத்துக்குப் பக்கத்தில்.
ஒரு மேட்டை வைத்து எதுவும் சொல்லக் கூடாது.

மறுநாள் காலை
நாங்கள் பெட்டியை இறக்கும் முன்பே
வாசலில் சுகைல்,
கையெழுத்துப் போட்ட படிவத்தோடு,
பளபளவென்று மொட்டைத் தலையோடு.

"வழி போட்டாச்சு" என்றான்.