கப்பல் இறங்காத நாள்

மாதம் மூன்று முறை வரும், சில மாதம் நான்கு.
நாங்கள் வாழும் தீவுக்கு அல்ல,
எதிரே கிடக்கும் மணல்திட்டுக்கு.
அங்கே யாரும் குடியில்லை. குடிநீரும் இல்லை.
இருட்டினால் ஆவிகள் உலவும் என்பதால்
ஒருவரும் தங்குவதில்லை.
கப்பல் நாளில் மட்டும்
ஆவிகளுக்கு விடுமுறை.

விடியுமுன்னே படகேறுவோம்.
லாப்ஸ்டர் தொட்டி, லாவலாவா மூட்டை,
தித்தியாவின் மசாஜ் மேசை (ஒரு கால் குட்டை),
என் பாசிமணி டப்பா,
நடுவில், குப்புறக் கவிழ்த்த
அந்தப் பெரிய கறுப்பு அண்டா.

அண்டா ரூபெனுடையது.
ஞாயிறு காலை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர்
கப்பல் நாளில் உடம்பெல்லாம் கரி பூசி
ஈட்டியோடு நிற்பார்.
வெள்ளைக்காரர்கள் அண்டாவுக்குள் இறங்கி
வெந்துபோவதுபோல் அலறுவார்கள்.
ஒரு படத்துக்குப் பத்து டாலர், ஆஸ்திரேலியப் பணம்.
மனிதன் தின்னும் காட்டுமிராண்டிக்கு
மூக்குக்கண்ணாடி ஆகாதாம்.
அதைக் கழற்றி என் டப்பாவில் வைத்துவிட்டு
சாயங்காலம்வரை
பாதிக் குருடராகவே உறுமுவார்.

நான் சடை பின்னுகிறவள்.
முகங்கள் நினைவில் நிற்பதில்லை,
உச்சந்தலைகள் நிற்கும்.
வெயில் தின்று சிவந்த வகிடு,
சாயம் வளர்ந்துபோன வேர்,
காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு.
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான்
எதையும் சொல்வார்கள்.
போன முறை ஒருத்தி சொன்னாள்,
இரண்டு பேருக்குச் சீட்டு எடுத்திருந்ததாக,
மே மாதத்தில் அவர் போய்விட்டதாக.
பின்னும்போது வலிக்குமா என்று கேட்டாள்.
அவிழ்க்கும்போதுதான் வலிக்கும் என்று சொல்ல
என் ஆங்கிலம் போதவில்லை.
பிஸ்லாமாவில் சொன்னேன்.
சிரித்தாள், சில்லறை வேண்டாம் என்றாள்.

அன்றைக்குத் தென்கிழக்குக் காற்று.
கப்பல் வந்தது, நின்றது,
பக்கவாட்டில் ஒரு சின்னப் படகை
பாதிவரை இறக்கியது.
அலை எழுந்து அதன் வயிற்றில் அறைந்தது.
படகு மேலே போய்விட்டது.
நாங்கள் நாற்பது லாப்ஸ்டர்களை
வேகவைத்து முடித்திருந்தோம்.

யாரும் பேசவில்லை.
மூன்றாம் தவணைப் பள்ளிக் கட்டணம்
என் கண்முன் கப்பல் அளவுக்கு நின்றது.
ரூபென் ஈட்டியை ஊன்றிக்கொண்டு
கப்பல் இருக்கும் திசை எது என்று கேட்டார்.
காட்டினேன்.
அந்தப் பக்கம் பார்த்து ஒருமுறை உறுமினார்,
பழக்கத்தில்.

பிறகு, ஏன் என்று தெரியாது,
ஈட்டியை என் கையில் கொடுத்துவிட்டு
தாமே அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்தார்.
"காப்பாத்துங்க, தின்னப் போறாங்க!"
தித்தியாவின் மகன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
அவர்களும் ஏறிக்கொண்டார்கள்.
லாப்ஸ்டரை நாங்களே உடைத்தோம்,
முப்பது டாலர் தட்டில், எலுமிச்சை பிழிந்து.
வாடகைக் குடையின் கீழே
வாடகை நாற்காலியில் கால் நீட்டினேன்.
இருபது வருடமாக இந்தக் கரைக்கு வருகிறேன்.
அந்த நாற்காலியிலிருந்து கடல்
வேறு நிறம்.

தித்தியா வந்து என் பின்னால் மண்டியிட்டாள்.
"மேடம், மெதுவாவா, அழுத்தியா?"
மசாஜ் கை அது, பின்னத் தெரியாது.
ஆனாலும் பின்னினாள்.
கோணல் வகிடு, நீலப் பாசியும் சிவப்பும்
கணக்கில்லாமல்.
என்னை அறியாமல் நான் பேச ஆரம்பித்தேன்,
கடலைப் பார்த்துக்கொண்டு,
பதினொரு மாதமாக வில்லாவிலிருந்து பணம் அனுப்பாத
என் புருஷனைப் பற்றி.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த மணியைக் கோத்தாள்.

தூரத்தில், கப்பலின் மாடிக் கம்பிகளில்
எறும்பு எறும்பாக மனிதர்கள்.
அவர்கள் கையில் ஏதோ மின்னியது.
எங்களைப் படம் எடுத்தார்கள் போலும்.
அண்டாவில் நான்கு பேர், குடையடியில் இரண்டு பெண்கள்.
யாரிடமும் பத்து டாலர் கேட்க முடியாத தூரம்.
ஒரு கை அசைந்தது,
அல்லது வெயிலுக்கு மறைத்தது.
கப்பல் சங்கு ஊதியது.

திரும்பும்போது அலை ஏறிக் குதித்த படகில்
ரூபெனின் கரி தெறித்த உப்புநீரில் கரைந்து
எல்லார் காலிலும் ஓடியது.
கண்ணாடியைக் கொடுத்தேன்.
போட்டுக்கொண்டு என் தலையைப் பார்த்தார்.
"யார் பின்னினது? கண்றாவி."

இன்னும் அவிழ்க்கவில்லை.
தூங்கத் திரும்பிப் படுத்தால்
காதடியில் மணி உரசுகிறது.
அடுத்த கப்பல் பதினேழாம் தேதி.