ஆணி அடிக்காத வீடு

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
பதினோரு மாத ஒப்பந்தத்தில்
வாடகைத் தொகைக்கும் முன்னால் எழுதியிருந்தது அது.

வடசேரிச் சந்தை ஓரத்தில்
தட்டில் பரப்பி விற்றவன் சொன்னான்:
"மண்ணு வேண்டாம், தொட்டி வேண்டாம்,
காத்து போதும்ணே."
ஆரல்வாய்மொழிக்காரனிடம்
சொல்கிற சொல்லா இது.

ஆனியில் பால்கனியில் கட்டினேன்.
கணவாய்க் காற்று என் லுங்கியை
முப்பந்தல் பக்கம் அனுப்பிவைத்த அதே வாரம்
செடியைக் குடித்து முடித்தது.
விரலில் நொறுங்கியது,
பழைய துடைப்ப நுனி மாதிரி.

இரண்டாவதை அன்பால் கொன்றேன்.
தினம் மூன்று வேளை தண்ணீர்.
குருத்துக் குழியில் தேங்கியதைக் கவனிக்கவில்லை.
தூக்கியபோது அடி கறுத்து
இலை இலையாய்க் கையோடு வந்தது.

மூன்றாவதற்கு நான்தான் பழகிக்கொண்டேன்.
ஞாயிறு காலை, இட்லிச் சட்டியில் இருபது நிமிடம்.
போர் தண்ணீர் ஆகாது, இலையில் உப்புப் படியும்.
ஐப்பசியில் மொட்டைமாடியில் வைத்த
இரண்டு பெயிண்ட் வாளி மழைதான்
அதன் வருஷக் கணக்கு.
பிறகு நனைந்த குடையை உதறுவதுபோல் உதறி
துண்டின்மேல் கவிழ்த்துவிட்டால்
மத்தியானச் சோறு வரை அப்படியே கிடக்கும்.

எண்பது மீட்டர் ஏறி
காற்றாலையின் தலைக்குள் கிரீஸ் பூசும் கை
இதைப் பிடிக்கையில் மட்டும் நடுங்கும்.

ஜன்னல் கம்பியில்
குளச்சலில் வாங்கிய தூண்டில் நரம்பில் தொங்கியது.
கதவு பாதி சாத்தியிருக்கும்.
காற்று வரலாம்,
தட்டிவிட்டு வரவேண்டும்.

மாசியில் நடு இலைகள் சிவந்தன.
நோயென்று பயந்து லீவு போட்டேன்.
ஊதாக் குழல் ஒன்று எட்டிப் பார்த்தது.
ஒருமுறைதான் பூக்குமாம்.
அப்புறம் அவசரமில்லாமல் சாகுமாம்,
பக்கத்தில் குட்டி வைத்துவிட்டு.
இரண்டு வைத்தது.

வாடகைக்கு வந்த வீட்டுக்காரர் மரியசூசை
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.
"வேரு எங்க டே?"
"பேருக்குத்தான் இருக்கு."
"அப்பம் எதப் பிடிச்சு நிக்குது?"
"நிக்கல. தொங்குது."
வாடகையை எண்ணாமல் பையில் வைத்தார்.
பதினோராம் மாதம் அது.
அடுத்த ஒப்பந்தம் பற்றி அவரும் பேசவில்லை,
நானும்.

தாயில் மூன்றிலொரு பங்கு வளர்ந்ததும்
ஒரு குட்டியைத் திருகிப் பிரித்துக் கொடுத்தேன்.
ஞாயிறு, இருபது நிமிடம், மழைத் தண்ணீர், தலைகீழ்:
தீப்பெட்டி அட்டையில் எழுதியும் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம்
கீழ்வீட்டில் சுத்தியல் சத்தம்.
நாலு அடி.
என் ஜன்னலில் நரம்பு ஆடியது.
காற்றே இல்லை அப்போது.