இரண்டாம் தரம்

பாசையூர் ஐஸ் கொம்பனிக்குப் பின்னால்
தகரக் கொட்டில், என் பட்டறை.
நாற்பது குதிரைவலு எஞ்சின் ஒன்று
வயிறு திறந்து கிடக்கிறது.
கோயில் சபைத் தலைவருடையது.
விடிய நாலு மணிக்குள் வேண்டுமாம்.
ஆள் விட்டுச் சொன்னார், தான் வரவில்லை.
முன்பு வருவார்.
பெட்டியில் குந்தித் தேத்தண்ணி குடிப்பார்.

கார்த்திகையிலிருந்து
வாசகம் வாசிக்க என் பெயர் இல்லை.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அட்டவணையில் என் இடத்தில்
யூஜின் மாஸ்ரரின் மகன்.
பாதரிடம் போனேன்.
"கொஞ்சம் பொறு தம்பி,
சனத்தின் வாய் ஆறட்டும்" என்றார்.
நல்ல மனிசன். அவருக்கும் பயம்.

பொறு.
பங்கருக்குள் பொறு, பொம்மர் போகட்டும்.
பாஸ் வரும்வரை பொறு.
முகாமில் தண்ணி பவுசர் வரும், பொறு.
அப்போது எல்லாருக்கும் சொன்னார்கள்.
இப்போது எனக்கு மட்டும்.

எமில்,
பதினொரு வருஷமாக
நீ நாலாம் வாங்கு, நான் ஆறாம் வாங்கு.
சமாதானம் சொல்லும் நேரம்
கூப்பிய கையோடு பின்னால் திரும்புவாய்.
நடுவில் நிற்கும் மரியநாயகத்தார்
தனக்கென்று நினைத்து
பதிலுக்குக் கும்பிடுவார்.
பகலில் நமக்கு இருந்தது அவ்வளவுதான்.
அதிலும் பாதியை
அந்த மனிசன் சந்தோசமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்.

இந்தப் பெரிய வெள்ளி
நீ வரவில்லை. காய்ச்சல் என்றாய்.
நான் போனேன்.
சிலுவையிலிருந்து இறக்கிய சுரூபத்தை
வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள்.
பாதம் முத்தி செய்ய வரிசை.
வேர்வை, மெழுகு, சாம்பிராணி.
ஊரின் ஆம்பிளைகள் எல்லாரும்
ஓர் ஆம்பிளையின் வெறுங்காலுக்குக்
குனிந்து குனிந்து எழும்புகிறார்கள்.
ஒருவருக்கும் அது புதினமாயில்லை.

ஒவ்வொரு முத்திக்கும் பிறகு
பீடப் பையன் லேஞ்சியால் ஒருதரம் துடைப்பான்.
ஆண்களின் வரிசையில் நான் கடைசி.
குனிந்தேன். மரம் குளிர்ந்திருந்தது.
துடைத்தான்.
பிறகு லேஞ்சியின் மற்றப் பக்கத்தைத் திருப்பி
இரண்டாம் தரமும் துடைக்கக் கையைக் கொண்டுபோனான்.
பன்னிரண்டு வயதிருக்கும்.
யார் சொல்லித் தந்தது என்று கேட்டிருந்தால்
அழுதிருப்பான்.
நானும்.

அதற்குள்
பெண்களின் வரிசையில் முதலாவதாய் நின்ற பெனடிக்ரா
குனிந்துவிட்டாள்.
நண்டுக் கொம்பனியில் ஓடு உடைக்கிறவள்,
விரலெல்லாம் வெட்டு.
லேஞ்சிக்கும் பாதத்துக்கும் நடுவில் அவள் உதடு.
பையனின் கை அந்தரத்தில் நின்றது.
அவளுக்குக் கண் மங்கலோ,
நிற்க முடியாத கால்வலியோ,
தெரிந்துதான் செய்தாளோ.
அவளிடமும் கேட்கவில்லை.
வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றாள்.
எடுத்துக் கொடுத்தேன்.
"நல்லா இரு" என்றாள், எல்லாருக்கும் சொல்வதுபோல.

பெற்றோல் கூடக் குடித்து மூச்சு முட்டிய எஞ்சினை
இழுக்க இழுக்க இன்னும் முட்டும்.
பிளக்கைக் கழற்ற வேண்டும், ஈரம் துடைக்க வேண்டும்,
ஒரு பீடி எரியும் நேரம்
காற்றுப் பட விட வேண்டும்.
ஆண்டவரே, என்னையும்
அப்படித்தான் விட்டிருக்கிறீரா,
அல்லது மறந்துபோய் விட்டீரா?
ஒருநாளைக்கு ஒன்றென்று நம்புகிறேன்.
பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
எனக்குப் பூமி வேண்டாம்.
ஆறாம் வாங்கில் ஒரு முழம் இடம்.
அதை விட்டு எழும்பவும் மாட்டேன்.

மூன்றரை.
முந்திவந்த சோளகம் தகரத்தை அடிக்கிறது.
கயிற்றைச் சுற்றி ஒரே இழுவை.
பிடித்துக்கொண்டது.
சத்தம் கரையூர் வரை கேட்கும். கேட்கட்டும்.

துண்டில் கூலி எழுதினேன்,
ஒரு சதமும் கூட்டவில்லை.
கீழே ஒரு வரி:
எஞ்சினை எடுக்கத் தலைவர் நேரில் வரவும்.
தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்திருக்கிறேன்.
பொறுத்திருக்கிறேன்.