எட்டுதான்

நீர் வற்றும் நேரம், விடிந்தும் விடியாமலும்
வன்லோப்பின் வலையில் ஏறி வந்தது
ஒரு மோட்டார் பைக்.

சேறு வழிய வழியப் படித்துறையில் சாய்த்தார்கள்.
ஊரில் பாதிப்பேர் ஓட்டுகிற அதே சிவப்பு.
சைலன்ஸருக்குள் இருந்து ஒரு விலாங்கு
எட்டிப் பார்த்துவிட்டு
மறுபடி உள்ளே போனது.

நாளை லாட்டரிக் குலுக்கல்.
ஆற்றைத் தண்ணீரின் தாய் என்றுதான் இங்கே அழைப்பது.
தாய் சும்மா எதையும் எடுத்து நீட்டமாட்டாள் என்றார்
ஐஸ் கம்பெனிக் கணக்கர்.
யாரோ ஊதுவத்தி கொளுத்தினார்கள்.
யாரோ சிவப்புச் சோடாவில் ஸ்ட்ரா போட்டு
வண்டியின் முன்சக்கரத்துக்குப் படைத்தார்கள்.
குழந்தைப் பவுடரை இலக்கத் தகட்டில்
தேய்க்கத் தேய்க்க
ஏழு வந்தது. நான்கு வந்தது.
கடைசி எண் மூன்றா எட்டா என்பதில்
மேக்லோங் ஆற்றின் இந்தக் கரை
இரண்டு கட்சியாயிற்று.

யார் வண்டி என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரபாய் என் பக்கத்தில்
கானாங்கெளுத்தியின் கழுத்தை முறித்துக்கொண்டிருந்தாள்.
மூங்கில் கூடை மீனைவிடச் சிறியது.
கூடை பெரிதாகாது,
மீன்தான் தலை குனியவேண்டும்.
செவுளடியில் கட்டைவிரல், ஓர் அழுத்து.
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கழுத்து,
சத்தமே வராது.
இன்று ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

மூடியைத் திறந்து
உப்புநீர்ப் பானையின் ஆவிக்குள்
முகத்தை வைத்துக்கொண்டேன்.

தேச்சா போனது ரயோங் பஸ்ஸில்,
கரோக்கே கடைக்காரியோடு.
வண்டி மட்டும் வாசலில் நின்றது
எசமானுக்குக் காத்திருக்கும் நாய்போல.
இது நிற்கிறவரை அவன் வருவான் என்பார்கள்,
எனக்கு அவன் வரவேண்டாம் என்றாள்.

ஊரெல்லாம் வாழைத்தண்டுத் தெப்பத்தில்
மெழுகுவத்தி ஏற்றி
ஒரு வருஷத்துப் பாவத்தை ஆற்றில் விட்ட இரவு.
ஆட்கள் கலைந்தபின்
நாங்கள் இருவரும் விட்டது
நூறு கிலோ.
அது மிதக்கவில்லை.
குமிழிகள் மட்டும் வெகுநேரம் வந்தன,
அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது,
எனக்கும்,
கரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மத்தியானத்துக்குள் மூன்று கட்சி ஜெயித்துவிட்டது.
ஏழு நான்கு மூன்று
சீட்டுக்காரியின் பலகையில் ஒன்றுகூட மிச்சமில்லை.
பெரிய பொடியன் ஒருவன் கண்ணாடியைக் கழற்றிப் போனான்.
விலாங்கை என்ன செய்தார்களோ.

சாயங்காலம் மீன்வாடையோடு
வரிசையில் நின்றோம், மூலைக்கடை கவுண்டரில்.
ஏஸிக் குளிரில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன.
கடன் அவள் பேரில்.
இன்னும் ஐந்து தவணை.

வண்டி எண் சொல்லுங்க அக்கா
என்றது கவுண்டர் பெண், தலை நிமிராமல்.

பின்னால் வன்லோப், பியர் பாட்டிலோடு.
அவனுக்குப் பின்னால் கணக்கர்.

பிரபாய் நோட்டுகளை நீவி வைத்தாள்.
கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

ஏழு. நான்கு.
எட்டு.